டிராகன் முன்னால் திணறும் கேம்

அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. பழைய கேம்களைப் புதுக் கணினியில் ஓடவைப்பது அவள் வேலை. இப்போது கையிலிருந்த கேமில், டிராகன் தீ கக்கும்போது அந்தக் காலத்து எந்திரம் திணறி, ஆட்டம் மெதுவாகும். அந்தத் திணறலையும் புதுக் கணினிக்கு அப்படியே கொண்டுவந்திருந்தாள்.

விற்பனை அதிகாரி முகம் சுளித்தார். “என்னக்கா, நத்தை மாதிரி நகருது? புது கேம் விலை போடுறோம், வேகமாக்கிடுங்க.”

“வேகமாக்கித் தரேன். நீங்களே ஆடுங்க தம்பி.”

வேகமாக்கியதை ஆடினார், கண் மூடித் திறப்பதற்குள் டிராகன் தீயில் கருகினார். மறுபடியும் கருகினார்.

“அந்தக் காலத்துல மெதுவாகுறப்போதான் எல்லாரும் தப்பிச்சாங்க. அதை எடுத்துட்டா இது வேற கேம். பழசுன்னு சொல்லி விக்கிறோம், பழசையே கொடுப்போம். பாதி விலை போதும். கதையும் படமும் என்னைக்கோ போட்டதுதானே, புதுசா என்ன செலவு?”

“மேல ஒத்துக்கணுமே!”

“ஒத்துக்கிற வரைக்கும் நான் விடப்போறதில்லை.”

மேலிடம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு வழிக்கு வந்தது. பாதி விலை போட்ட கேமை, திணறல் துளியும் குறையாமல், விற்பனை அதிகாரி கையில் கொடுத்தாள்.