அன்புள்ள காலர் சாயம் அவர்களே

சலவைக்கடைக்காரிக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது. துணி நிற்கும். பத்து வருடமாகத் துவைத்துக் கொடுத்தவரையே தெருவில் வெறுங்கையோடு பார்த்தால் யாரென்று விழிப்பாள். அவருடைய சாம்பல் நிறச் சட்டையைக் காட்டினால், மேலிருந்து இரண்டாவது பட்டன் மாற்றுப் பட்டன் என்பதுவரை சொல்லிவிடுவாள். அதனால் கைபேசியில் வாடிக்கையாளர்களின் எண்ணைப் பதியும்போது தனக்குத் தெரிந்ததையே பெயராக வைத்தாள். நாய் முடி. பேனா கசிவு. நாளைக்கே வேணும். கிழிச்சது நீதான். பெற்றவர்கள் பிள்ளையைப் பார்க்கும் முன்பே பெயரை யோசித்து வைத்துவிடுகிறார்கள். இவள் பார்த்த பிறகு வைத்தாள். இதில் எது நேர்மை என்று சொல்வது கடினம். எது ஆபத்து என்பதில் சந்தேகமே இல்லை.

கடையின் இரண்டு பெரிய இயந்திரங்களும் ஓடியது பக்கத்துத் தெரு லாட்ஜின் படுக்கை விரிப்புகளால்தான். தெருமுனையில் கண்ணாடிக் கதவோடு புதிய சலவை நிலையம் ஒன்று திறந்த வாரம், மூட்டை எடுக்கப் போனவளிடம் லாட்ஜ் மேனேஜர், "அவங்களும் வந்து பேசிட்டுப் போனாங்க. வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார். அந்த மூட்டைகள் கைவிட்டுப் போனால் ஒரு இயந்திரம் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்து அவளால் ஒரு வாய் சாப்பிட முடியாது.

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் வந்தாள். அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பாள்.

"எல்லாக் கடையும் மெசேஜ் போட்டுத்தான் ஆள் புடிக்குது அண்ணி. நீங்க இன்னும் கடை வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கீங்க."

"நான் எங்கடி சிரிச்சேன்?"

"அதுகூட இல்லையா? அப்ப மெசேஜ் போட்டே ஆகணும்."

தேய்ப்பு மேசையிலிருந்து கணவன் குரல் கொடுத்தான். "உங்க அண்ணி சிரிச்சா இருக்கறவனும் ஓடிருவாம்மா. நீ மெசேஜே போடு."

நாத்தனார் கைபேசியை வாங்கி ஏதோ செயலியை ஏற்றினாள். "பேர் போட்டே போகும் அண்ணி. வாடிக்கையாளரேன்னு வந்தா எவனும் படிக்க மாட்டான். தன் பேரைப் பாத்தா நின்னு படிப்பான்." அவள் சொன்னது சரி. என்ன பெயர்கள் என்று அவளும் கேட்கவில்லை, இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே அழுத்தலில் நானூற்றுச் சொச்சம் பேருக்கு அவரவர் பெயரோடு போயிற்று: "அன்புள்ள நாய் முடி அவர்களே, உங்களைப் பார்த்து நாளாகிவிட்டது. இந்த வாரம் போர்வை, திரைச்சீலை துவைக்கத் தந்தால் ஒரு சட்டை இலவசமாகத் தேய்த்துத் தருவோம்."

எல்லோரும் நின்று படித்தார்கள்.

முதல் அழைப்பு 'நாளைக்கே வேணும்' என்பவரிடமிருந்து. "கரெக்டாத்தான் போட்டிருக்கீங்க. ஒரு கோட்டு இருக்கு, நாளைக்கே வேணும்." பத்தரைக்கு நாய் முடி அம்மாள் ஒரு மூட்டைப் போர்வையோடு நேரிலேயே வந்துவிட்டாள். "முடி அதோடது, பேரு மட்டும் எனக்கா?" 'கிழிச்சது நீதான்' மட்டும் கடைசிவரை கூப்பிடவில்லை.

"என்னங்க, இப்ப என்ன பண்றது?" என்றாள் சலவைக்கடைக்காரி.

"என்னை என்னன்னு போட்டு வச்சிருக்க? அதை மொதல்ல சொல்லு" என்றான் அவன்.

அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்த விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. காலர் சாயம்.

லாட்ஜ் மேனேஜருக்கு ஐம்பத்தெட்டு வயது. தலையில் ஒரு நரை கிடையாது. அது பரம்பரைக் கொடுப்பினை என்று லாட்ஜில் எல்லோரும் நம்பினார்கள், அவரே சொல்லியிருந்தார். விரிப்பு மூட்டையோடு வரும் அவருடைய வெள்ளைச் சட்டைகளின் காலர் மட்டும் வேறு கதை சொல்லும். அந்தக் கருப்பை எடுக்க அவள் தனியாக ஒரு மருந்தே வைத்திருந்தாள்.

மாலையில் அவர் வந்தார். அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை. கணவனுக்குத் திடீரென்று நீராவிக்குப் பின்னால் அவசர வேலை வந்துவிட்டது.

"எத்தனை வருஷமா தெரியும்?"

"ஆறு வருஷமா சார்."

"யார்கிட்டயாவது..."

"சாயத்தை எடுக்கறதுதான் சார் எங்க வேலை. சொல்றது இல்ல."

"இப்ப சொல்லியிருக்கியேம்மா!"

"உங்களுக்குத்தானே சார் போச்சு. உங்களுக்குத் தெரியாததையா சொல்லிட்டேன்?"

நீராவிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பேரை மாத்து. என் கண்ணு முன்னாடியே மாத்து."

அவள் அழித்துவிட்டு, லாட்ஜ் மேனேஜர் என்று எழுதிக் காட்டினாள். அவர் முகம் தெளியவில்லை.

"அவ்வளவுதானா?"

"அதானே சார் நீங்க?"

"நாளைக்கு என் எடத்துக்கு இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் இதே பேர்தானா? எதாவது நல்லதா ஒண்ணு போடும்மா."

அவள் யோசித்தாள். லாட்ஜ் மூட்டை மொத்தமும் இந்த ஒரு பெயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 'நல்லவர்' என்று எழுதினால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அதை எந்தத் துணியிலும் அவள் பார்த்ததில்லை. பார்க்காததை எழுத விரல் வரவில்லை. அந்த லாட்ஜ் துணிகளுக்குள் மோதிரம் கிடைத்திருக்கிறது, சாவி கிடைத்திருக்கிறது, ஒரு முறை பல்செட் கூட. இவருடைய சட்டைப் பையில் மட்டும் ஆறு வருடத்தில் ஒரு கசங்கிய காகிதம்கூட இருந்ததில்லை. மெதுவாகத் தட்டினாள்: பையில் எதையும் விடாதவர்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"நெசமாவா?"

"ஒரு நூல் கூட இருந்ததில்ல சார்."

"வீட்ல ஒருத்தரும் இதைக் கவனிச்சதில்ல" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மேனேஜர் ஆனார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? மூட்டையெல்லாம் வழக்கம்போல உங்களுக்குத்தான். நாளைக்குக் காலையிலேயே வந்து எடுத்துக்குங்க. அதுல என் சட்டை இருக்காது."

"ஏன் சார்?"

"அதை நானே தனியா கொண்டு வந்து தர்றேன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் இருபுறமும் பார்த்துப் படியிறங்கினார்.