மச்சான் தந்த புரோகிராம்

போன வாரம் என் மச்சானைத் திருடன் என்று சொல்லிவிட்டேன். நானாகச் சொல்லவில்லை... கம்ப்யூட்டர் சொன்னது, நான் நம்பினேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

சந்தவாசலில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என் மனைவி சரசு தமிழ் டைப் அடிக்கிறாள். (நான் கையால் எழுதித் தருகிற இந்தப் பத்தியையும் அவள்தான் அடித்து அனுப்புகிறாள். தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.) கல்யாணத்துக்கு முன்னாலேயே டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். அந்தப் பழைய மெஷினில் பழகிய விரல் போகிற போக்கில் போனால் திரையில் தமிழ் எழுத்து வர வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. அதைப் போட்டுத் தந்தவன் அவள் தம்பி குமரேசன். கண்ணமங்கலத்தில் பிரஸ் வைத்திருக்கிறான்.

இதுவரை அக்காவுக்குத் துண்டு நோட்டீஸ் வேலைதான் கொடுத்துவந்தான். இந்த முறை எங்கள் அம்மன் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையை முழுசாகக் கொடுத்தான். யாகசாலை விவரம், உபயதாரர் பெயர்கள் என்று பக்கம் பக்கமாக வேலை. ஒழுங்காக முடித்தால் இனி பிரஸ்ஸுக்கு வருகிற தமிழ் வேலை எல்லாம் அவளுக்குத்தான் என்றும் சொல்லியிருந்தான். அம்மனே கொடுத்த வேலை என்று அவள் நினைத்தாள். நானும்தான்.

அந்த வேலை வந்த பென் டிரைவில் ஒரு வைரஸும் கூடவே வந்து இறங்கியது. ஒருவழியாக அதைத் துரத்தினோம். "நல்லதா ஒரு ஆன்ட்டி வைரஸ் பார்த்துப் போடுங்க" என்றாள் சரசு. பார்க்கிற பொறுப்பு என் தலையில்.

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். கரும்பு போடுகிறவன். காளை வாங்கினால் ஏரில் கட்டிப் பார்க்கலாம். மோட்டார் வாங்கினால் தண்ணீர் தள்ளுவதைப் பார்க்கலாம். காவலுக்கு வருகிறவனை எதை வைத்துப் பார்ப்பது? திருடன் வரும்வரை காத்திருக்க முடியுமா?

கம்ப்யூட்டரோடு வந்தது ஒன்று இருந்தது. வாயே திறக்காது. முழித்திருக்கிறதா தூங்குகிறதா என்றே தெரியாது. சரி என்று, இலவசமாகக் கிடைத்த இன்னொன்றை இறக்கினேன். வந்த வேகத்தில் ஆபத்து, ஆபத்து என்று கத்தி நூற்றுக்கணக்கில் காட்டியது. பணம் கட்டினால்தான் நீக்குமாம். கழற்றிவிட்டேன்.

மூன்றாவது, உளவு பார்க்கிற புரோகிராம்களைப் பிடிக்கவென்றே செய்த ஆன்ட்டி ஸ்பைவேர். கேட்டதற்கெல்லாம் 'சரி' கொடுத்து ஏற்றினேன். அது நிதானமாகத் தேடி ஒன்றே ஒன்றைக் காட்டியது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் இது கவனிக்கிறது – என்று இங்கிலீஷில் எச்சரிக்கை. கீழே குமரேசன் தந்த புரோகிராமின் பெயர்.

ஊரையே திருடன் என்கிறவனை நாம் நம்புவதில்லை. ஒரே ஆளைக் கை காட்டுகிறவனை உடனே நம்பிவிடுகிறோம். இல்லையா? 'முருகா' என்று சொல்லி, அதை நீக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கினேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த சரசு, பத்திரிகையின் மிச்சப் பக்கங்களை அடிக்க உட்கார்ந்தாள். விரல் தமிழில் ஓடுகிறது. திரையில் இங்கிலீஷ் எழுத்து.

"இன்னாங்க பண்ணீங்க இதை?"

"திருட்டுப் புரோகிராம் ஒண்ணு இருந்துச்சு. தூக்கிட்டேன்."

"எது திருட்டு?"

"உன் தம்பி போட்டுட்டுப் போனானே, அது."

சரசு கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள். "எங்க வூட்லேர்ந்து வந்தா திருட்டு. உங்க அக்கா வூட்லேர்ந்து வந்த மிக்ஸி புகைஞ்சுதே, அதுக்கு இன்னா பேரு?"

அவளே தம்பிக்குப் போன் போட்டாள். சாயங்காலம் குமரேசன் வண்டியில் வந்து இறங்கினான்.

"காலையில மெஷின்ல ஏத்தணும்க்கா. கோயில் கமிட்டி வந்து உக்காந்துக்கினு இருக்கு. முடியலன்னா சொல்லிடு, ஆரணியில குடுத்து அடிச்சிக்கிறேன்."

சரசு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத வேண்டாம். அவள்தானே டைப் அடிக்கப் போகிறாள்...

குமரேசன் என் பக்கம் திரும்பினான். "இன்னா மாமா, என்னைத் திருடன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் சொல்லல மாப்ள. அதுதான் சொல்லுது. ஒவ்வொரு எழுத்தையும் பாக்குதாமே?"

"பாக்காம? அக்கா எந்தக் கட்டையைத் தட்டுதுன்னு பாத்தாத்தானே 'க' போடும். கண்ணை மூடிக்கினு எப்டி மாமா தமிழ் எழுத்து போடும்?"

நியாயம்தான். ஆனால் காவலுக்கு ஆள் தேடுகிறவன் அதோடு விடலாமா? "பாத்ததை வெளிய அனுப்பாதுன்னு இன்னா நிச்சயம்?"

அவன் தன் புரோகிராமை மீட்டுப் போட்டான். நெட் வயரைப் பிடுங்கினான். சரசு தட்டினாள். தமிழ் வந்தது. "நெட் இல்லாமயே வேலை செய்யுது பாருங்க."

"ஒளிச்சு வெச்சு அப்பறமா அனுப்பிச்சின்னா?"

"சம்பந்தி மாதிரி கேக்கறீங்க மாமா" என்றான். ஆனாலும் வயரைத் திரும்பச் செருகி, எந்தெந்தப் புரோகிராம் வெளியே பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் திரையைத் திறந்தான். சரசு தட்டத் தட்ட நானும் அவனும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் புரோகிராம் அந்தப் பக்கமே வரவில்லை. உச்சியில் இருந்தது நான் கொண்டுவந்த ஆன்ட்டி ஸ்பைவேர். எங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது, எதைத் திறக்கிறோம் என்று கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"அதுவும் திருடன் இல்ல மாமா. புது வைரஸைக் கண்டுபிடிக்கணும்னு அனுப்பலாமான்னு கேட்டிருக்கும். நீங்கதான் சரின்னுட்டீங்க."

எங்கள் பூஜை அறையில் இருக்கிற அம்மனும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். மிக்ஸி சண்டை உட்பட. அவள் வழியாக ஒரு வார்த்தை தெருவுக்குப் போனதில்லை. பார்ப்பது குற்றமென்றால் முதலில் யாரைச் சொல்வது? நல்லெண்ணெய் விளக்கேற்றி, பார்த்துக்கொள் தாயே என்று நாம்தானே தினமும் கேட்கிறோம்.

ஆகவே ஆன்ட்டி வைரஸ் தேடுகிற வாசகர்களுக்கு என் அனுபவம் இவ்வளவுதான். எத்தனை பேரைப் பிடிக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு பேசுகிறது, யாரிடம் பேசுகிறது என்றும் பாருங்கள். நாங்கள் கம்ப்யூட்டரோடு வந்த பழைய ஆளையே வைத்துக்கொண்டோம். தூங்கிக்கொண்டிருந்த அதைக் குமரேசன் புதுப்பித்துத் தட்டி எழுப்பிவிட்டான்; இப்போது பென் டிரைவைச் செருகினால் அது சத்தமில்லாமல் சோதித்துவிடுகிறது.

ராத்திரி எட்டு மணிக்குள் சரசு பத்திரிகையை முடித்தாள். குமரேசன் ஒருமுறை படித்துப் பார்த்து, "அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை இருக்குதுக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் உள்ளே போய்க் காபியில் கூட ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள்.

அவன் கிளம்பியதும் ஆன்ட்டி ஸ்பைவேரைக் கழற்றப் போனேன். எங்களை ஏன் நீக்குகிறீர்கள், காரணம் எழுதுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது. இங்கிலீஷில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தள்ளுங்க" என்று சரசு உட்கார்ந்து, சுத்தத் தமிழில் தட்டி அனுப்பினாள்: "கோள் சொல்லுது."