பச்சைத் துணிக்குப் பின்னால்

போன வாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து என் பழைய முதலாளி போன் செய்தார். பேத்திக்குக் கல்யாணமாம். வரவேற்பை நான்தான் தொகுத்து வழங்க வேண்டுமாம்.

“உங்க போட்டோவ பேனர்லயே போட்டுட்டேன்மா. நான் அறிமுகப்படுத்துன பொண்ணுன்னு ஊருக்கே தெரியுமே” என்றார்.

என் போட்டோ. அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் தினமும் காலையில் என்னை வானொலியில் கேட்கிறார்கள், மாலையில் டிவியில் பார்க்கிறார்கள். இந்தப் பிழைப்பு தொடங்கியது அவருடைய கேபிள் சேனலில்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை மாடியில். மறுக்கவில்லை. எப்படித் தொடங்கியது என்பதைத்தான் மனிதர் மேடைக்கு மேடை விழுங்கிவிடுகிறார்.

நான் நாலு வரி படித்துக் காட்டியதுமே அவருக்குக் குரல் பிடித்துவிட்டது. பிறகு என்னைக் கேமராவில் பார்த்தார். “குரல் மட்டும் போதும்மா. மூஞ்சி வேணாம்” என்றார், சொத்தைக் கத்தரிக்காயை ஒதுக்குகிற மாதிரி. கறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன்.

அவர் மச்சினியின் மகள் நல்ல சிவப்பு. ஆனால் கேமராவைப் பார்த்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே தினமும் சாயங்காலம் பிறந்தநாள் வாழ்த்து நேரலையில் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சைத் துணி. அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் மைக்கோடு நான். சத்தம் வருமென்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். இருவர் கையிலும் ஒரே வாசகம் எழுதிய தாள். நான் நிதானமாகப் படிப்பேன், அவள் வாயை அசைப்பாள். கல்வராயன் மலையிலிருந்து யாராவது போன் செய்து, “மேடம், உங்க குரலு சூப்பருங்க” என்பார்கள். சிரிப்பது அவள், நன்றி சொல்வது நான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் மாட்டிக்கொண்டவள்தான்.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் கூலிக்குக் களையெடுக்கும் என் அம்மா, மகள் டிவியில் பேசுகிறாள் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிவிட்டது. பெண்கள் டிவியைப் போட்டுப் பார்த்தார்கள். வேறு யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். “கப்சா வுடறா” என்று அம்மா முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறார்கள். அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்திதான் சொன்னாள்: “உங்கம்மா இப்பல்லாம் ஜெபம் முடிஞ்சதும் யாராண்டயும் பேசாம வூட்டுக்குப் போய்க்கினு இருக்குது.”

அந்தக் கணம்தான் முதலாளிமேல் கருவ ஆரம்பித்தேன். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அம்மாவுக்குப் பிறந்த நாள் எது என்று யாருக்கும் தெரியாது. ஆதார் அட்டையில் ஏதோ ஒரு தேதி போட்டிருந்தார்கள். அந்தத் தேதிக்கு அம்மாவின் போட்டோவை நானே வாழ்த்துக்குக் கொடுத்தேன். சர்ச் பெண்கள் எல்லாரும் பார்க்கும்படி சித்தியிடம் சொல்லிவைத்தேன்.

திரையில் அம்மா படம் வந்து போனது. “இவரை வாழ்த்துவது...” என்று படித்து, நிறுத்தினேன்.

முன்னால் அவள் வாய் தொட்டி மீன்போலத் தானாக அசைந்தது. சத்தமே இல்லை. கள்ளக்குறிச்சி முழுக்கப் பார்த்தது. ஓனர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் நின்று குதித்தார். விளம்பரத்தைப் போட்டிருந்தால் தப்பித்திருப்பார். ஆத்திரத்தில் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, “பேசுடீ!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். நான் துணியை விலக்கி முன்னால் வந்தேன். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கை ஓங்கியபடி அவரும் அதில் பதிவானார்.

“வாழ்த்துவது அன்பு மகள்” என்று அதே குரலில், என் மூஞ்சியோடு சொன்னேன்.

அன்றே வேலை போனது. படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது அம்மா போன்.

“எல்லாரும் பாத்தாங்கடி. எல்லாரும். இன்னாடி, தலைய வாரிக்கினு வந்திருக்கக் கூடாதா?”

சிரித்துக்கொண்டே அழுதது அம்மா. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த எந்தக் கைதட்டலும் அதற்கு ஈடாகவில்லை. ஆனாலும் முதலாளிமேல் இருந்த வன்மம் அதோடு தீரவில்லை. தீர வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்டதும் இல்லை.

நேற்று நானே அவரைக் கூப்பிட்டேன்.

“நான் வர முடியாது சார். குரல் மட்டும் போதும்ல? பதிவு பண்ணி அனுப்பறேன்.”

“பேனர்ல உங்க போட்டோ போட்டாச்சேம்மா...” என்று இழுத்தார்.

“அதுல வேற யார் மூஞ்சியாவது ஒட்டிக்குங்க சார். உங்களுக்குத் தெரியாததா?”