சனிக்கிழமைத் தண்ணீர்

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் முக்கூடலில் மழை பொய்த்தது. வயலுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து வாய்க்கால் தண்ணீர் விட்டார்கள். என் மச்சினனுக்குச் சனிக்கிழமை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அவனோ சனிக்கிழமைதான் மெய்யான ஓய்வுநாள் என்று, ஞாயிறை ஓய்வுநாளாக வைக்கும் எங்கள் கிறிஸ்தவ சபையை விட்டுப் போனவன். அவரவர் ஓய்வுநாளில் அவனும் சரி, நானும் சரி, வயலுக்கு நீர் பாய்ச்ச மாட்டோம். ஆளை ஏவியும் பாய்ச்ச மாட்டோம்.

"முறைய மாத்திக்கிடுவோமா, அத்தான்?" என்று வந்து கேட்டான்.

"ஓய்வுநாள மாத்தினவனுக்குத் தண்ணியவும் மாத்தித் தரணுமோ? போலே!" என்று விரட்டினேன். எனக்கும் நஷ்டம்தான்; வீம்பு விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை போய்ப் பார்த்தால், வாய்க்காலைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சி என் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஒங்க மச்சினன்தான் அவரு முறைய ஒங்களுக்கு விடச் சொன்னாரு, அண்ணாச்சி."

மறுநாள் வேதப் புத்தகத்தோடு கோயிலுக்குப் போகையில் அவர் கரையில் நின்றார். என் முறைத் தண்ணீர் ஓடையில் வீணாக விழுந்துகொண்டிருந்தது.

"மச்சினன் வயலுக்கு விடட்டுமா? சும்மாதான போவுது" என்றார். நான் தலையை அசைத்திருந்தால் போதும்.

"ஓய்வுநாள்ல வயல் பேச்சு வேண்டாம்வே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அவன் பயிர் கருகி மாட்டுக்குப் போயிற்று. அதன் பிறகும் அவனுடைய சனிக்கிழமைத் தண்ணீர் எனக்கு வந்துகொண்டேதான் இருந்தது.

அறுப்புப் பண்டிகையில் என் கதிர்க்கட்டு பீடத்தருகே நின்றது. ஞாயிறு தவறாதவனுக்குக் கர்த்தர் தந்த விளைச்சல் என்று குருவானவர் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டேன். சபையார் அதைப் பணிவென்று நினைத்தார்கள். இன்றுவரை நான் திருத்தவில்லை.