அண்ணன் ஆடுகிற டீம்

"காலேஜில் ஹாக்கி ஆடினீங்களாமே, கேப்டனா இருந்தீங்களா?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தேன். ஒரே ஒரு சாயங்காலம் இருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். அப்பாவுக்கு மைசூர் ரயில்வே கணக்கு ஆபீசில் வேலை. வீடு மண்டி மொஹல்லாவில், அரிசிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அண்ணன் என்னைவிட மூத்தவர்தான், ஆனால் இன்டர்மீடியட்டில் ஒருமுறை பெயிலாகி எனக்காகக் காத்திருந்ததுபோல் என் வகுப்பிலேயே வந்து சேர்ந்துகொண்டார். ஹாக்கி டீமிலும் இரண்டு பேரும் இருந்தோம்.

அந்த வருடம் விளையாட்டு வாத்தியார் என்னைக் கேப்டனாகப் போட்டார். ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணன் ஆடுற டீம்ல நீ கேப்டனா? பெரியவனைப் பார்த்து 'அங்க நில்லு, இங்க ஓடு'ன்னு அதிகாரம் பண்ணுவியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"கொடுத்துடுடா," என்றாள் அம்மா. "அவனுக்கும் ஒரு பேர் ஆகட்டும்."

மறுநாள் காலையில் போய், கேப்டன் பதவி அண்ணனுக்கே இருக்கட்டும் என்று சொன்னேன். வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "தலெ கெட்டிதெயேனோ?" என்று கன்னடத்தில் கேட்டார். மூளை கெட்டுப்போச்சா என்று கேட்டதில் தப்பே இல்லை.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். தங்கமான மனுஷன். குரல் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும். என்ன கத்த வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. நான் பக்கத்தில் ஓடி, யாரைப் பின்னால் இழுக்க வேண்டும், பந்தை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று தமிழில் முணுமுணுப்பேன். அவர் அதையே கன்னடத்தில் கர்ஜிப்பார். டீமில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது, அதனால் எல்லாம் அவர் மூளை என்றே நம்பினார்கள். ஜெயித்தோம். போட்டோவில் அண்ணன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பின்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு டேராடூன் அனுப்ப ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. படிப்பு மட்டும் போதாது, விளையாட்டில் பேர் எடுத்திருக்க வேண்டும், பத்துப் பேரை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அங்கே போக வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். போகாவிட்டால் கணக்கு ஆபீஸ்தான். அப்பா ஏற்கெனவே தன் அதிகாரியிடம் எனக்காகச் சொல்லி வைத்துவிட்டார்.

அப்பா ஒப்புக்கொண்டது ஒரு நிபந்தனையோடு. "தனியா அனுப்ப மாட்டேன். பெரியவனும் எழுதிப் போடட்டும். போக வர துணைக்கு ஆச்சு." ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குத் துணைக்கு ஆள் அனுப்பிய தகப்பன் மைசூர் சமஸ்தானத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பெங்களூரில் எங்கள் மார்பில் எண் எழுதிய துணியைக் கட்டிவிட்டார்கள். இருவரும் ஒரே குழுவில் விழுந்தோம். ஓட்டத்தில் நான் முன்னால் வந்தேன், கயிறு ஏறுவதிலும் குறை வைக்கவில்லை. அப்புறம் ஒரு பள்ளத்தின் முன்னால் நிறுத்தினார்கள். இரண்டு பலகை, ஒரு பீப்பாய். எந்தப் பலகையும் அக்கரையை எட்டாது. குழு முழுக்கக் கடக்க வேண்டும். இன்னார்தான் தலைவன் என்று அவர்கள் சொல்லவில்லை. தலைவன் யார் என்று பார்க்கத்தான் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஒதுங்கி நின்றார்.

எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. "அண்ணா, பீப்பாயை நடுவில இறக்கி நிறுத்திட்டா, ரெண்டு பக்கமும் பலகை போட்டுடலாம்," என்றேன். பழக்க தோஷம். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் அண்ணன் அதை இங்கிலீஷில் முழங்கிவிட்டார். எல்லோரும் அவர் சொன்னபடி ஓடினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு பலகையைத் தூக்கினேன். அந்த அதிகாரி அண்ணனுடைய எண்ணைப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். தமிழ் தெரிந்த ஒரு ஆளை அங்கே நிறுத்தியிருந்தால் என் ஜாதகமே மாறியிருக்கும்.

பேட்டியில், எந்த அணிக்காவது தலைமை வகித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டேன், அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன் என்றேன்.

"ஏன்?"

"அவர் மூத்தவர், சார்."

மேஜைக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உன் கீழே உன் அப்பா வயதில் ஒரு ஹவில்தார் இருப்பான். அவனுக்கு எப்படி உத்தரவு போடுவாய்?"

"மரியாதையாகச் சொல்வேன், சார்."

சிரித்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று பாராட்டுவதாக நினைத்து நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வெளியே அண்ணன் சந்தோஷமாக வந்தார். "மேட்ச்ல எப்படி முடிவு எடுப்பேன்னு கேட்டாங்கடா. தம்பியைக் கேப்பேன்னு உள்ளதைச் சொல்லிட்டேன். நல்ல கேப்டன் தன் ஆளுங்களைக் கலந்துதான் செய்வான்னு தலையாட்டினாங்க."

கடைசி நாள் எண்களை வாசித்தார்கள். அவர் எண் வந்தது, என்னுடையது வரவில்லை. காரணம் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.

ஊர் திரும்பும் ரயில் மத்தூரைத் தாண்டியது. அப்புறம் அண்ணன், "நான் போகலடா. எனக்கு இதெல்லாம் ஒத்து வராது. நம்ம ஊரிலேயே ஒரு வேலை பாத்துக்கிட்டு இருந்துடறேன்," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடலாம் போலிருந்தது. நான் தவம் கிடந்தது அவருக்குச் சும்மா கிடைத்தது, அதையும் வேண்டாம் என்கிறார். அவர் வேண்டாம் என்றால் அது எனக்கு வரும் என்பதும் இல்லை.

வீட்டில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை ராணுவ அதிகாரி. அண்ணன் போக மாட்டேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுடா அவனுக்கு. நீ சொன்னா கேப்பான். எப்பவும் உன் பேச்சைத்தானே கேக்கறான்."

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. கேப்டன் பதவியை விட்டுக்கொடுக்கச் சொன்ன அன்றைக்கும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். அதை அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட வாயைத் திறந்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போங்கண்ணா," என்றேன்.

"சரிடா," என்று சொல்லிவிட்டு அண்ணன் துணிகளை எடுத்துவைக்க உள்ளே போனார்.