ஒரு சொல் குறைந்த பிரதி

அந்த வக்கீல் அலுவலகத்தில் அவளுக்கு ஆமை அக்கா என்று பெயர். வைத்தவர்கள் ஜூனியர்கள். உண்மையில் அவள் விரல்கள் பறக்கும். ஆனால் தட்டச்சுப் பிரதி எத்தனை சுத்தமாக இருந்தாலும் அதைப் பார்த்து அடிக்க மாட்டாள். கட்டின் அடியில் கிடக்கும் கையெழுத்து நகலைத் தேடி எடுத்து, அடிஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு இறங்குவாள். இருபத்திரண்டு வருடமாக இதே கதை. வீண் வேலை என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் குடோன் வாட்ச்மேனின் அப்பீல் வந்தது. யாரோ குடோனுக்குத் தீ வைத்ததில் ஒரு சுமைதூக்கி செத்துப்போனார். தீ வைத்தவன் பிடிபட்டதும் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி மன்னிப்பு வாங்கிக்கொண்டு, வாட்ச்மேன்தான் கதவைத் திறந்துவிட்டுக் கூட நின்றான் என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வாயை நம்பி வாட்ச்மேனுக்கு ஆயுள் தண்டனை. ஏழு வருடம் உள்ளே கழிந்துவிட்டது. இருப்பது இந்தக் கடைசி அப்பீல்தான். அவன் மனைவி வாரம் தவறாமல் வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள்.

அப்ரூவரின் வாக்குமூலத்தை அடிக்கும்போது அக்காவின் ஸ்கேல் ஒரு வரியில் நின்றது. கையெழுத்தில், "மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன், வாட்ச்மேன்தான் திறந்துவிட்டான்" என்று இருந்தது. தட்டச்சுப் பிரதியில் "மறுபடியும்" இல்லை. போலீஸோ, அவன் கொடுத்த ஒரே வாக்குமூலம் இதுதான் என்று சத்தியம் செய்திருந்தது.

அவள் நேரே வக்கீலிடம் போனாள். கெடு முடிய இரண்டு நாள்தான் இருந்தது, அவருக்கு எரிச்சல்.

"பேச்சுவாக்குல சொல்லியிருப்பாம்மா."

"இருக்கட்டும் சார். அப்போ பிரதியில அதை எதுக்குத் தூக்கினாங்க?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதற்கு முன்பே வேறொரு வாக்குமூலம் இருந்திருக்கிறது என்று அப்பீலின் முதல் பத்தியையே மாற்றி எழுதினார்.

நீதிபதிகள் போலீஸ் கோப்பு முழுவதையும் வரவழைத்தார்கள். அதற்குள் இருந்தது முதல் வாக்குமூலம். அதில் கூட நின்றவன் அப்ரூவரின் சொந்த மச்சான். வாட்ச்மேன் பேச்சே இல்லை. மச்சானைக் காப்பாற்ற ஆளை மாற்றியவனின் சொல்லை வேறு ஆதாரம் இல்லாமல் நம்ப முடியாது, முதல் வாக்குமூலத்தை மறைத்ததும் குற்றம் என்று சொல்லி வாட்ச்மேனை விடுதலை செய்தார்கள்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடக்கமாக இருக்க முயற்சிகூடச் செய்யவில்லை. மகளிடம், மருமகனிடம், போனில் தங்கையிடம் என்று ஒருவரையும் விடாமல் சொன்னாள். தங்கையிடம் இரண்டு தடவை. சொன்னால் என்ன? ஊரே வேகமாகப் படித்துத் தவறவிட்டதை அவள் மெதுவாகப் படித்துப் பிடித்திருக்கிறாளே.

அடுத்த வாரம் வாட்ச்மேனின் மனைவி தனியாக வரவில்லை. தலை நரைத்த ஒருவர் கூட வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"அந்த வார்த்தையைக் கொஞ்சம் காட்டுங்கக்கா."

அக்கா நகலை எடுத்து ஸ்கேலை வைத்துக் காட்டினாள். அவர் அதன்மேல் விரலை வைத்தார். விரலுக்கு அடியில் முழுச் சொல்லும் மறைந்துபோனது.

"இவ்ளோ சின்னதா இருந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் விரலை எடுக்கும்வரை அக்கா ஸ்கேலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.