சுவிட்சர்லாந்துக்கு ஓர் அரிவாள்மனை

கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் முதல் வெளிநாட்டுப் பயணம், சுவிட்சர்லாந்துக்கு. டூர் கம்பெனி பார்க்க இன்று கணவரோடு இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போனேன்.

முதல் கம்பெனியில் மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு என்றார்கள். எனக்கு அதுதான் வேண்டும். கணவர் எழுந்துவிட்டார்.

இரண்டாவது கம்பெனி மேனேஜர், "நம்ம ஊரு சமையல்காரரே கூட வாராருங்க. காய் நறுக்க லேடீஸ் ஒரு கை குடுப்பாங்க. குடும்பம் மாதிரி இருக்கும்" என்றார்.

"இவ வைக்கிற ரசத்தைத் தெருவே கேட்டு வாங்கிக் குடிக்கும்ங்க" என்று கணவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "அருவாமனைய மறக்காம எடுத்து வச்சுக்க."

அரிவாள்மனையை விமானத்தில் ஏற்றக்கூடாது என்று தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். தெரியாதவர்களும் எழுதுங்கள். அவர் படிப்பார்.